புகார்களின் கணக்கைப் பேரவையில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லை பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி செய்தி வருகிறது. யார் மீது புகார், எந்த ஊர், கைது உண்டா இல்லையா, அமைச்சர் என்ன சொன்னார், எல்லாம் படிக்கிறோம். புகார் வந்த பிறகு அரசு அதை என்ன செய்தது, எத்தனை நாளில் செய்தது, செய்யாமல் கிடப்பில் போட்டவர்களை யார் கூப்பிட்டுக் கேட்டார்கள் என்பது மட்டும் எங்கேயும் காணோம். உங்கள் நிருபர்களைக் குறை சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்பதில்லை, அதனால் வெளியே வருவதில்லை. கேட்க வேண்டிய இடம் சட்டமன்றம். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு பிரசுரியுங்கள்.

சட்டம் இருக்கிறது. 2013இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, அந்த ஆண்டு டிசம்பர் 9 முதல் அமலில் இருக்கும் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடம் எதுவானாலும், அரசு அலுவலகமோ தனியார் கம்பெனியோ, அங்கே ஒரு உள் புகார்க் குழு இருக்க வேண்டும், நம் ஆட்கள் விசாகா கமிட்டி என்று சொல்வார்களே அதுதான். அதற்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் கீழே உள்ள இடமென்றால், அல்லது முதலாளி மீதே புகாரென்றால், மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு. இந்தக் குழுக்கள் வருடா வருடம் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று 21ஆவது பிரிவு சொல்கிறது. அது மாவட்ட அதிகாரியிடம் போகும், அவர் சுருக்கி மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது என்ற கணக்கை அரசு வைத்திருக்க வேண்டும் என்று 23ஆவது பிரிவு சொல்கிறது.

அதோடு சரி. அந்தக் கணக்கைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

எங்கள் வடசென்னைக்காரர்களுக்கு இந்த இடங்களெல்லாம் தினமும் பஸ்ஸில் கடக்கிற இடங்கள். சென்னை கலெக்டர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகை ராஜாஜி சாலையில் இருக்கிறது. அதே சாலையில் தெற்கே போனால் கோட்டை. கோட்டைக்குள்ளேயே தலைமைச் செயலகம், அதற்குள்ளேயே பேரவை மண்டபம். சட்டப்படி அந்த அறிக்கை கலெக்டர் ஆபீஸிலிருந்து கோட்டை வரைக்கும் வந்து சேர்கிறது. நாம் ஓட்டுப்போட்டு அனுப்பிய 234 பேர் உட்காரும் மண்டபத்துக்குள் மட்டும் போக வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை.

இது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்காக, நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, ஒரு அரசு அலுவலகத்தில் அவுட்சோர்சிங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். எந்த அலுவலகம் என்று எழுத மாட்டேன், அவளுடைய சம்பளம் இன்னும் அங்கேதான். மேலே இருந்த ஒருவர் ராத்திரி பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஆரம்பிப்பார், முதலில் ஆபீஸ் விஷயம், அப்புறம் டிபி போட்டோ நன்றாக இருக்கிறது என்பார், அப்புறம் எழுத முடியாத பேச்சு. இவள் பதில் போடாமல் விட்டதும் அட்டெண்டன்ஸில் கை வைத்தார். ஐந்து நிமிஷம் தாமதமானாலும் குறிப்பு, முடித்துக் கொடுத்த வேலையைத் திருப்பி அனுப்புவது, மற்றவர்கள் முன்னால் குரலை உயர்த்துவது. அழுது ஓய்ந்து, எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அவளே முடிவு செய்து, "ஆன்ட்டி, கூட வாங்க" என்று என்னை அழைத்தாள்.

மாடிப்படி ஏறியதும் சுவரில் கமிட்டி விவரம் மாட்டியிருந்தார்கள், கண்ணாடி போட்ட பிரேம், உள்ளே டைப் அடித்த தாள் மஞ்சளாகிப் போயிருந்தது. தலைவர் என்று பெயர் போட்டிருந்த அம்மா எப்போதோ ரிட்டயர் ஆகிவிட்டாராம். வெளி உறுப்பினர் என்று ஒரு பெயர் இருந்தது, அவரைப் பார்த்ததாக அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை. போன் நம்பருக்கு விட்ட இடம் காலி. புகாரை யாரிடம் கொடுப்பது என்று மூன்று மேஜை மாறி, கடைசியில் தபால் வாங்குகிறவர் வாங்கிக்கொண்டார். இரண்டு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டுக் குரலைத் தணித்துச் சொன்னார்: "ஏம்மா, நாளைக்கு ரெகுலர் போஸ்ட் போட்டா உன் பேரும் வரும். இது ஃபைல்ல ஏறிடுச்சுன்னா இறங்காது. அனுசரிச்சுப் போயேன்." நல்லெண்ணத்தில்தான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த அலுவலகத்தில் புகார் கொடுத்த பெண்ணுக்கு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதைத்தான் சொன்னார். தேதி முத்திரை போட்ட நகல் கேட்டால், ரகசியப் புகாருக்கு நகல் கிடையாது என்றார்கள். விடாமல் நின்று வாங்கினோம்.

பிறகு நடந்தது இன்னும் மோசம். விசாரணை தொடங்கவில்லை, ஆனால் அவளை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள், அவர் அதே நாற்காலியில். விசாரணை நடக்கும்போது இடமாற்றம் என்பது பாதிக்கப்பட்ட பெண் எழுத்தில் கேட்டால் கமிட்டி பரிந்துரைக்கக்கூடிய நிவாரணம், அவரை மாற்றச் சொல்லியும் கேட்கலாம், 12ஆவது பிரிவில் தெளிவாக இருக்கிறது. இவள் கேட்கவே இல்லை. கேட்டுப் போனால், நீ கான்ட்ராக்ட் ஆள், உன் ஏஜென்சியிடம் போ என்றார்கள். ஏஜென்சிக்காரர், சம்பவம் நடந்தது அங்கே, அங்கேயே கேளும்மா என்றார். சட்டத்தில் ஊழியர் என்பதற்குச் சொல்லியிருக்கும் விளக்கத்தில் தினக்கூலி, தற்காலிகம், கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் எல்லோரும் வருகிறார்கள். அந்த அலுவலகத்தில் நாங்கள் பார்த்த ஒருவருக்கும் இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் தெரியாதது போல் இருந்தார்கள். 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும், முடித்த 10 நாளில் அறிக்கை, அதற்கு மேல் 60 நாளில் நடவடிக்கை. இந்தக் கெடுவெல்லாம் தாண்டிப் போயாயிற்று.

இப்போது சொல்லுங்கள், அந்த அலுவலகத்தை யார் கேட்பது? கமிட்டி அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் அபராதம் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணோ, குழு அதிகாரம் கொடுத்த ஒருவரோ புகார் செய்தால்தான் நீதிமன்றம் அந்தக் குற்றத்தை எடுத்துக்கொள்ளும். இல்லாத கமிட்டி எப்படி அதிகாரம் கொடுக்கும்? மாதம் பதினைந்தாயிரம் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற பெண் அரசாங்கத்தின் மேல் கோர்ட்டில் வழக்குப் போடுவாளா? தனியார் கம்பெனி என்றால் அரசு போய்ச் சோதனை போடலாம். அரசு அலுவலகத்தையே அரசு கவனிக்கவில்லை என்றால் அரசுக்கு மேலே இருந்து கேட்கும் அதிகாரம் இரண்டு பேருக்குத்தான், நீதிமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும். நீதிமன்றம் தன்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. சட்டமன்றம்தான் இன்னும் தொடங்கவில்லை.

பேரவையில் இந்த விஷயமே வருவதில்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய சம்பவம் நடந்தால் வருகிறது. 2023இல் சென்னை கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரி மாணவிகள் பாலியல் தொல்லையை எதிர்த்துத் தரையில் உட்கார்ந்து போராடியபோது பேரவையில் எழுப்பினார்கள், முதல்வர் பதில் சொன்னார். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நடந்த கொடுமை 2025 ஜனவரிக் கூட்டத்தொடரில் பெரிய விவாதமாயிற்று, கோஷம், வெளிநடப்பு எல்லாம் நடந்தது. அந்த வழக்கில் மாணவியின் அடையாளம் தெரியும்படி எப்ஐஆர் வெளியே கசிந்ததே, புகார் கொடுக்க நினைக்கிற எல்லாப் பெண்களுக்கும் வயிற்றைக் கலக்கியது அதுதான். சென்னை உயர் நீதிமன்றம் அதற்காக 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது, மூன்று பெண் ஐபிஎஸ் அதிகாரிகளை வைத்துச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனையும் கிடைத்தது. ஆனால் ஒரு பெண்ணின் புகார் அரசின் கைக்குப் போன பிறகு எந்தெந்தக் கை மாறி எப்படி வெளியே வந்தது என்பதை ஒரு பேரவைக் குழு உட்கார்ந்து, அதிகாரிகளைக் கூப்பிட்டு, வரிசையாகக் கேட்டிருக்க வேண்டாமா?

அதற்கும் முன்னால், 2021 பிப்ரவரியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் எஸ்.பி., முதல்வர் சுற்றுப்பயணப் பாதுகாப்பில் இருந்தவர், தன் மேலதிகாரியான சிறப்பு டிஜிபி மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுக்கச் சென்னைக்குக் காரில் வந்தார். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் டோல்கேட்டில் போலீஸ் படையே அவர் காரை மறித்தது. ஐபிஎஸ் அதிகாரிக்கே புகார் கொடுக்க விடாமல் வழி மறித்தார்கள் என்றால் எங்கள் தெருப் பெண்ணுக்கு என்ன கதி? உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது, சிபிசிஐடி விசாரித்தது, 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் மூன்றாண்டு தண்டனை விதித்தது, அதற்குப் பிறகு மேல்முறையீடுகள். அந்த அதிகாரிக்கு என்ன தண்டனை என்பது நீதிமன்றத்தின் வேலை. காரை மறிக்கச் சொல்லி யார் யாருக்கு உத்தரவு போட்டார்கள், காவல் துறையில் ஒரு பெண் மேலதிகாரி மீது புகார் கொடுக்க உண்மையிலேயே வழி இருக்கிறதா, இதைக் கேட்பது சட்டமன்றத்தின் வேலை.

வடசென்னைப் பெண்கள் எங்கெங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று எங்கள் எம்.எல்.ஏ.க்களுக்குத் தெரியும். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் நின்றபடி சேலை விரித்துக் காட்டுகிறார்கள், காசிமேட்டில் விடியற்காலையில் மீன் எடுத்து விற்கிறார்கள், வியாசர்பாடியிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் புரசைவாக்கம், கீழ்ப்பாக்கம் வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளுகிறவர்கள் 2025 ஆகஸ்டில், வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் நாட்கணக்கில் உட்கார்ந்ததை உங்கள் பத்திரிகையே படம் போட்டது. கான்ட்ராக்ட் கைமாறும்போது சம்பளம் என்ன ஆகும் என்று எல்லோரும் பேசினோம், பேச வேண்டியதுதான். கூடவே, சூப்பர்வைசர் கையைப் பிடித்து இழுத்தால் அந்தப் பெண் போக வேண்டிய கமிட்டி மாநகராட்சியுடையதா, கம்பெனியுடையதா என்றும் யாராவது கேட்டிருக்க வேண்டும். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு மாவட்ட உள்ளூர்க் குழுதான் கதி. அப்படி ஒன்று இருப்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது, எங்கள் பகுதியில் நான் விசாரித்த பெண்கள் ஒருவருக்கும் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டு வேலை செய்கிறவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வந்ததே நாடாளுமன்றக் குழு ஒன்று கேட்ட கேள்வியால்தான். 2010 கடைசியில் மசோதா வந்தபோது அவர்களை விட்டுவிட்டார்கள். மனிதவள மேம்பாட்டுத் துறைக்கான நிலைக்குழுவுக்கு மசோதா போனது, அவர்களையும் சேர்க்க வேண்டும் என்று குழு 2011இல் பரிந்துரை செய்தது, கடைசியில் நிறைவேறிய சட்டத்தில் அவர்கள் இருக்கிறார்கள். நம் பேரவையும் மனசு வைத்தால் செய்யும். 2021 செப்டம்பரில் கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று சட்டம் திருத்தினார்களே, கடைப் பெண்கள் கால் வீங்கிப்போய் வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தது அது.

சட்டமன்றம் இதில் எவ்வளவு தூரம் போக முடியும், எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொள்ள ஸ்காட்லாந்தில் நடந்ததைப் பார்க்கலாம். அங்கே 2017 டிசம்பரில், மீ டூ புகார்கள் உலகம் முழுக்க வந்துகொண்டிருந்த நேரத்தில், அமைச்சர்கள் மீதும் முன்னாள் அமைச்சர்கள் மீதும் வரும் தொல்லைப் புகார்களை விசாரிக்க அரசு ஒரு புது நடைமுறை கொண்டுவந்தது. அடுத்த மாதமே அரசு ஊழியர்களான இரண்டு பெண்கள் முன்னாள் முதல்வர் அலெக்ஸ் சால்மண்ட் மீது முறைப்படி புகார் கொடுத்தார்கள். அரசு விசாரித்தது, அவர் கோர்ட்டுக்குப் போனார். 2019 ஜனவரியில் அரசு தோற்றது. காரணம் என்ன தெரியுமா? விசாரணை அதிகாரியாகப் போட்டவர் புகார் கொடுத்த பெண்களோடு அதற்கு முன்பே தொடர்பில் இருந்திருக்கிறார். முன் தொடர்பு இல்லாதவர்தான் விசாரிக்க வேண்டும் என்று அரசே எழுதிவைத்த நடைமுறை சொல்கிறது. விசாரணையில் பாரபட்சத்தின் சாயல் இருக்கிறது, அது சட்டப்படி செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வழக்குச் செலவாக மட்டும் அவருக்கு அரசு 5 லட்சத்து 12 ஆயிரம் பவுண்டு கொடுக்க வேண்டி வந்தது. தனியாக நடந்த கிரிமினல் வழக்கில் 2020 மார்ச்சில் ஜூரி அவரை விடுவித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர்களுடைய நாடாளுமன்றம் பல கட்சிகளைச் சேர்ந்த ஒன்பது உறுப்பினர்களை வைத்துக் குழு போட்டது. சால்மண்ட் தப்பு செய்தாரா என்ற கேள்விக்குள் குழு போகவில்லை. புகாரை அரசு எப்படிக் கையாண்டது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டது. நம் தலைமைச் செயலாளர் போன்ற பதவியில் இருந்த லெஸ்லி எவன்ஸ் திரும்பத் திரும்ப வந்து பதில் சொன்னார். முதல்வர் நிக்கோலா ஸ்டர்ஜன் 2021 மார்ச் 3 அன்று எட்டு மணி நேரம் உட்கார்ந்து சாட்சியம் சொன்னார், எல்லாம் நேரடி ஒளிபரப்பு. அரசுக்கு வக்கீல்கள் கொடுத்த ஆலோசனைகளைக் காட்டு என்று நாடாளுமன்றம் இரண்டு முறை ஓட்டெடுத்துக் கேட்டும் அரசு கொடுக்கவில்லை, துணை முதல்வர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் என்றான பிறகுதான் கொடுத்தார்கள். கேட்டு வாங்கும் வரை விடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். மார்ச் 23 அன்று அறிக்கை வந்தது, விசாரணையில் பெரிய குறைகள் இருந்தன, புகார் கொடுத்த பெண்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்று சொன்னது.

ஆனால் சறுக்கலும் அங்கேயே இருக்கிறது. முதல்வர் யாரை எந்த வீட்டில் எந்தத் தேதியில் சந்தித்தார், அதை எப்போது சொன்னார் என்ற சண்டை எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. முதல்வர் குழுவைத் தவறாக வழிநடத்தினார் என்பதில் உறுப்பினர்கள் 5க்கு 4 என்று கட்சிக் கணக்காகப் பிரிந்தார்கள், அந்த முடிவு அறிக்கை வரும் முன்பே பத்திரிகைகளுக்குக் கசிந்தது. அமைச்சர்களுக்கான நடத்தை விதியை அவர் மீறவில்லை என்று ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற சட்ட வல்லுநர் தனியாக நடத்திய விசாரணையில், குழுவின் அறிக்கைக்கு முந்தைய நாள்தான் சொல்லியிருந்தார். தேர்தலுக்குச் சில வாரங்கள் இருந்தன. இத்தனைக்கும் நடுவில் அந்த இரண்டு பெண்கள் எங்கே போனார்கள்? நம் ஊரில் செய்வதாக இருந்தால் முதலில் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

நடைமுறை என்ன பெரிய விஷயம், தப்பு செய்தவனைத் தண்டித்தால் போதாதா என்று கேட்பவர்கள் கோவா வழக்கையும் பார்க்கட்டும். அங்கே பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மீது 2009இல் மாணவிகள் புகார் கொடுத்தார்கள். கமிட்டி அவசர அவசரமாகக் கூட்டங்களை நடத்தி முடித்தது, அவர் வேலை போயிற்று. 2023 மே 12 அன்று உச்ச நீதிமன்றம், அவருக்குத் தன் பக்கம் சொல்லச் சரியான வாய்ப்பு கொடுக்கவில்லை என்று எல்லாவற்றையும் ரத்து செய்து திருப்பி அனுப்பியது. பதினான்கு வருஷம் கழித்து! அந்த மாணவிகளுக்கு நியாயம் கிடைத்ததா, அந்தப் பேராசிரியருக்குத்தான் கிடைத்ததா? அதே தீர்ப்பில்தான் நாடு முழுக்கக் கமிட்டிகள் இருக்கும் லட்சணத்தை உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு எடுத்துச் சொன்னது. 2024 டிசம்பரில் மறுபடி உத்தரவு போட்டது, டிசம்பர் 31க்குள் எல்லா மாவட்டத்திலும் மாவட்ட அதிகாரியை நியமி, ஜனவரி 31க்குள் உள்ளூர்க் குழு அமை என்று. 2013 சட்டத்தில் இருப்பதைச் செய்யச் சொல்லி 2024இல் உச்ச நீதிமன்றம் தேதி குறிக்க வேண்டியிருக்கிறது என்றால், நடுவில் இருந்த பதினோரு வருஷமும் மாநிலச் சட்டமன்றங்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தன?

கேரளத்தில் நடந்ததும் நினைவில் இருக்கும். சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த நீதிபதி ஹேமா குழு 2019 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. அது மக்கள் கைக்கு வந்தது 2024 ஆகஸ்டில். அரசு கேட்டு வாங்கிய அறிக்கையை அரசே நான்கரை வருஷம் வைத்திருக்க முடிந்தது.

சரி, எதிர்ப்பாக என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். புகார் விவரம் ரகசியம், 16ஆவது பிரிவு வெளியிடக் கூடாது என்கிறது, ஆர்டிஐயில் கேட்டாலும் கிடைக்காது என்பார்கள். உண்மை, பெயரும் முகவரியும் விசாரணை விவரமும் ரகசியம்தான், அப்படியே இருக்க வேண்டும். எண்ணிக்கை ரகசியம் இல்லை. யாரையும் அடையாளம் காட்டாமல் எத்தனை புகாருக்கு நியாயம் கிடைத்தது என்று சொல்வதற்கு அதே பிரிவு இடம் கொடுக்கிறது.

அரசியல் ஆக்கிவிடுவார்கள் என்பது அடுத்தது. இந்தப் பயம் எனக்கும் உண்டு, ஸ்காட்லாந்தைப் பார்த்த பிறகு நிறையவே உண்டு. அதனால்தான் சொல்கிறேன், குழு எந்தத் தனி வழக்கையும் தொடக் கூடாது. எந்த மந்திரி, எந்த அதிகாரி என்ற பேச்சே வரக் கூடாது. துறை வாரியாகக் கமிட்டி இருக்கிறதா, கெடு காப்பாற்றப்படுகிறதா, புகார் கொடுத்த பெண் வேலையில் இருக்கிறாளா, அவ்வளவுதான். பேச விரும்பும் பெண்கள் வந்தால் மூடிய அறையில், பெயர் எழுதாமல் கேட்க வேண்டும், அதைக் கசியவிடும் உறுப்பினர் மீது உரிமை மீறல் நடவடிக்கை எடுக்க வேண்டும். அதிகாரிகளை விசாரிப்பது மட்டும் திறந்த அவையில் நடக்கட்டும். நம் பேரவைக் குழுக் கூட்டங்கள் வழக்கமாகக் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடக்கின்றன, இந்த ஒன்றிலாவது திறக்கலாம். தலைவர் பதவியை எதிர்க்கட்சிக்குக் கொடுங்கள், பொதுக் கணக்குக் குழுவுக்கு அந்த வழக்கம் இருக்கிறதுதானே. பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். 2021 தேர்தலில் 234 இடத்தில் 12 பெண்கள்தான் ஜெயித்தார்கள், அந்த நிலையிலும் ஒரு குழுவுக்குப் போதுமான பெண்கள் இருந்தார்கள்.

அரசியல்வாதிகளே யோக்கியமா, அவர்கள் மீதே புகார் இல்லையா என்று டீக்கடையில் சொல்வார்கள். இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்ற அலுவலகங்களில் வேலை செய்பவர்களில் மூன்றில் ஒருவர் பாலியல் தொல்லைக்கு ஆளானதாக 2021 நவம்பரில் வந்த அதிகாரபூர்வ அறிக்கையே சொன்னது, அங்கே மூடி மறைக்காமல் வெளியிட்டார்கள். நம் பேரவைச் செயலகமும் ஒரு பணியிடம்தான், கட்சி அலுவலகங்களிலும் பெண்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். குழு அங்கிருந்தே தொடங்கினால் மற்ற துறைகள் வாய் திறக்க முடியாது.

மகளிர் ஆணையம் இருக்கிறதே, இணையதளம் இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இணையத்தில் இந்தப் புகார்களைக் கொடுப்பதற்கான ஷீ-பாக்ஸ் போர்ட்டல் 2017இலேயே வந்தது, 2024இல் புதுப்பித்தார்கள், நல்லதுதான். புகாரைப் பெற்றுக்கொள்ள வழி பெருகியிருக்கிறது. பெற்றுக்கொண்டு சும்மா இருந்த அதிகாரியைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்க, அவர் சொன்ன பதிலை அச்சடித்து அவையில் வைக்க, மக்கள் பிரதிநிதிகளுக்கு மட்டும்தான் அதிகாரம் இருக்கிறது.

இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். ஆண்டறிக்கைகளைத் தொகுத்து வருடா வருடம் பேரவையில் வைக்கிறோம் என்று அமைச்சர் ஒரு உறுதி கொடுத்தால் போதும். கொடுத்த உறுதியைக் காப்பாற்றினார்களா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒரு குழு இருக்கிறது. பொதுமக்கள் எழுதுவதற்கு மனுக்கள் குழு இருக்கிறது, நானும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் கையெழுத்துப் போட்டு அதற்கு ஒரு மனு அனுப்புகிறோம். ராயபுரம், ஆர்.கே. நகர், பெரம்பூர், திருவொற்றியூர், திரு.வி.க. நகர், துறைமுகம், கொளத்தூர் தொகுதி உறுப்பினர்களில் ஒருவராவது கேள்வி நேரத்தில் இதை எழுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், எந்தக் கட்சியானாலும் சரி.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். துறை வாரியாகச் செலவுக்குப் பேரவையில் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை நாட்களில் ஒவ்வொரு துறை அமைச்சரிடமும் நான்கு எண்கள் கேளுங்கள்: உங்கள் துறையில் கமிட்டி இருக்க வேண்டிய அலுவலகங்கள் எத்தனை, இருப்பது எத்தனை, போன வருஷம் வந்த புகார் எத்தனை, 90 நாளில் முடிந்தது எத்தனை. கிடைத்த எண்களைப் பத்திரிகையில் போடுங்கள். பதில் சொல்லாத துறைகளின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை - 81